கடலூரில் பாஸ், கல்கத்தாவில் அரியர்: மனரம்மியம் பற்றி ஓர் எபிசோட்

ஐம்பது நிமிஷம் பேசினதை இங்க எழுத்தா சுருக்கியிருக்கோம். நடுவுல வந்த குக்கர் விசில், "ம்", "அதாவது" எல்லாத்தையும் எடுத்தாச்சு. பேச்சுநடை அங்கங்க அப்படியே இருக்கும், அது வேணும்னே விட்டது.

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். அனுப்பினது சென்னையில ஐடி வேலை பார்க்கிற ஒரு பொண்ணு. "அண்ணா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல 'இருக்கிறது போதும்னு இரு'ங்கிறாங்க. திங்கட்கிழமை மேனேஜர் 'உனக்கு ஹங்கர் பத்தலை'ங்கிறார். அப்ரைசல் கேட்டா பேராசையா? கேக்காம இருந்தா விசுவாசமா, இல்ல பயமா?" கேள்வி அவ்வளவுதான். மூணு நாள் என்னைத் தூங்க விடலை.

முன்னாடியே சொல்லிடறேன். நான் சிதம்பரத்துல சர்ச்சுக்குப் போற வீட்டுல வளர்ந்தவன். இதைக் கேக்கிறவங்கள்ல பாதிப் பேர் அப்படி இல்லைன்னு தெரியும். யாரையும் மாத்தறதுக்காக இதைப் பேசலை. கிறிஸ்தவ நம்பிக்கை "திருப்தி"ன்னு எதைச் சொல்லுது, அது நிஜ மனுஷங்க வாழ்க்கையில என்ன ஆச்சு, அதை மட்டும் பார்க்கலாம். அதுக்கு நம்ம கடலூர்லயே ஒரு கதை இருக்கு. பலருக்குத் தெரியாத கதை.

முதல்ல வார்த்தை. "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து"ன்னு பாட்டிங்க சொல்லுவாங்க. மருந்து சரி, எந்தக் கடையில கிடைக்கும்னு பழமொழி சொல்லாது. பைபிள்ல இதைப் பத்திப் பேசற முக்கியமான இடம் பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதின கடிதம், நாலாவது அதிகாரம். நம்ம சபைகள்ல இன்னைக்கும் வாசிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்புல அங்க வர்ற சொல் "மனரம்மியம்". அழகான சொல். ரம்மியம்னா நாம ஏதோ மலைவாசஸ்தலத்தைத்தான் நினைப்போம். இங்க ரம்மியமா இருக்கிறது மனசு.

இதை எழுதும்போது பவுல் எங்க இருந்தார்னா, காவல்ல. விசாரணைக்குக் காத்திருக்கிற கைதி. அதைவிட எனக்குப் பிடிச்ச விஷயம், அந்தப் பகுதி ஒரு நன்றிக் கடிதம். பிலிப்பி சபைக்காரங்க எப்பாப்பிரோதீத்துங்கிற ஆள் மூலமா அவருக்கு உதவி அனுப்பியிருந்தாங்க. அதைப் பெற்றுக்கொண்டேன்னு சொல்ற இடத்துலதான் மனரம்மியம் வருது. "எனக்கு எதுவும் வேணாம், எடுத்துட்டுப் போங்க"ன்னு அவர் சொல்லலை. வாங்கிக்கிட்டார், சந்தோஷப்பட்டார். இது கிடைக்காமப் போயிருந்தாலும் உடைஞ்சிருக்க மாட்டேன்னும் சொல்றார்.

கிரேக்க மூலத்துல அவர் எழுதின சொல் 'அவுதார்கேஸ்'. அது அவர் உண்டாக்கின சொல் இல்லை. அந்தக் காலத்து ஸ்டோயிக் தத்துவக்காரங்களோட செல்லச் சொல் அது. "தனக்குத் தானே போதுமானவன்"னு பொருள். வெளி உலகம் என்ன ஆனாலும் அசையாத ஆள். இன்னைக்கு யூடியூப்ல அதிகாலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணியில குளிக்கச் சொல்றாங்களே, அவங்க முப்பாட்டன் வகையறா. பவுல் அந்தச் சொல்லைக் கடன் வாங்கி, அடுத்த ரெண்டே வரியில கவிழ்த்துடறார்: எனக்கு நானே போதும்ங்கிறதாலே இல்லை, இன்னொருத்தர் என்னைத் தாங்கறதாலே இதுக்கு எனக்குப் பலம் இருக்கு. அந்த வரிதான் பிலிப்பியர் 4:13. அதை நீங்க கார் கண்ணாடியில, ஜிம் டீ-ஷர்ட்டுல, ஹால் டிக்கெட்டோட பின்பக்கத்துல பார்த்திருப்பீங்க. எல்லாத்தையும் ஜெயிக்க முடியும்னு அர்த்தம் பண்ணிக்கிறோம். முன்வரியோட சேர்த்துப் படிச்சா, பட்டினியையும் சமாளிக்க முடியும், வயிறு நிறைஞ்சதையும் சமாளிக்க முடியும்னு வருது. டீ-ஷர்ட்டுல போட்டா விக்காது.

இன்னும் ஒண்ணு. அவர் இதைக் "கற்றுக்கொண்டேன்"னு சொல்றார். பிறவிக் குணம்னு சொல்லலை. ஒரு நாள் ஜெபத்துல கிடைச்ச வரம்னும் சொல்லலை. கத்துக்கிட்டது. அப்படின்னா சிலபஸ் இருக்கு, பரீட்சை இருக்கு. பேப்பர் ரெண்டு: குறைவுல எப்படி இருக்கிறது, நிறைவுல எப்படி இருக்கிறது. நாம எல்லாரும் முதல் பேப்பர் மட்டும்தான் கஷ்டம்னு நினைச்சுக்கிறோம்.

இங்கதான் கடலூர் வருது.

தரங்கம்பாடியில 1706-ல் சீகன்பால்க் வந்து இறங்கினதோட தமிழ்நாட்டுல புராட்டஸ்டண்ட் மிஷன் தொடங்குது. அங்கிருந்து நிலவழியா வடக்கே வந்தா கொள்ளிடம் தாண்டி, சிதம்பரம் பக்கம், பரங்கிப்பேட்டை, அப்புறம் கடலூர். நான் வார இறுதியில ரயில்ல வர்ற அதே கரையோரம். கடலூர்ல தேவனாம்பட்டினம் பக்கம் கெடிலம் கரையில ஆங்கிலேயக் கம்பெனியோட செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. இந்தியாவுல குருப்பட்டம் பெற்ற முதல் இந்திய புராட்டஸ்டண்ட் போதகர் ஆரோன் கடலூர்க்காரர்தான். முந்தைய பேர் ஆறுமுகம். 1718-ல் ஞானஸ்நானம், 1733-ல் குருப்பட்டம். தஞ்சை நாட்டுக் கிராமங்கள்ல ஊழியம் செஞ்சு 1745-ல் இறந்தார். அவருக்குத் தனி எபிசோடே போடணும். இன்னைக்கு நம்ம ஆள் வேற.

யோகான் சகரியா கீர்னாண்டர். ஸ்வீடன்காரர், 1711-ல் பிறந்தவர். ஜெர்மனியில ஹாலே நகரத்துல படிச்சு, லண்டன்ல இருந்த எஸ்பிசிகே சங்கம் அனுப்பி, 1740-ல் கடலூர் வந்து சேர்ந்தார். கடலூர் மிஷன் அப்போ தொடங்கி மூணு வருஷம்தான் ஆகுது. தொடங்கின ரெண்டு பேர்ல சர்டோரியஸ் அடுத்த வருஷமே இறந்துட்டார். கீர்னாண்டர் தமிழ் கத்துக்கிட்டார், பள்ளிக்கூடம் நடத்தினார், கல்யாணம் பண்ணிக்கிட்டார். பதினெட்டு வருஷம். கடலூர் முதுநகர்ல இருக்கிற கிறைஸ்ட் சர்ச்சோட பேர் அவர் காலத்தோட சம்பந்தப்பட்டது.

அந்தச் சர்ச் கதையை மறைக்காம சொல்லணும். 1749-ல் கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரங்களுக்கு ஆதரவுன்னு சந்தேகப்பட்டு, அவங்க கோயிலைப் பிடுங்கி கீர்னாண்டர் கையில கொடுத்தது ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன். இன்னொரு சபைக்காரங்க கும்பிட்ட இடம். கீர்னாண்டர் அதை வாங்கிக்கிட்டார். மனநிறைவு பத்திப் பேசற எபிசோட்ல இதைச் சொல்லாம விட்டா நான் கதை அளக்கிறேன்னு அர்த்தம்.

1758-ல் சக்கரம் சுத்திடுச்சு. பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடிச்சார், அடுத்து செயின்ட் டேவிட் கோட்டையும் விழுந்தது. கீர்னாண்டர் கிட்டத்தட்ட எல்லாத்தையும் இழந்துட்டு தரங்கம்பாடி போனார். வயசு 46. கோயில் போச்சு, பள்ளி போச்சு, பதினெட்டு வருஷ வேலை போச்சு. ஸ்வீடனுக்குத் திரும்பியிருக்கலாம். அவர் அதே வருஷம் செப்டம்பர்ல கல்கத்தா போய் இறங்கினார். டிசம்பர்ல பள்ளிக்கூடம் திறந்துட்டார்.

மூணு மாசம் கூட ஆகலை பாருங்க. போன வருஷம் எங்க டீம்ல ஒரே காலை மீட்டிங்ல நாலு பேரை அனுப்பினாங்க. அதுல ஒரு நண்பர் அடுத்த மூணு மாசம் கதவையே திறக்கலை. குறை சொல்லலை, நானா இருந்தாலும் அப்படித்தான். அதான் சொல்றேன், குறைவு பேப்பர்ல கீர்னாண்டர் பாஸ். நல்ல மார்க்.

இப்போ ரெண்டாவது பேப்பர்.

கல்கத்தாவுல அப்போ கிளைவ் கொடி பறக்குது. பிளாசி முடிஞ்சு ஒரு வருஷம். கடலூர்க் கோட்டையில துணை கவர்னரா இருந்தவர்தான் கிளைவ். கீர்னாண்டருக்கு ஆதரவு கிடைச்சது. 1761-ல் மனைவி இறந்தாங்க. அடுத்த வருஷம் ஆன் உல்லிங்கிற பணக்கார விதவையைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். கடலூர்ல கையை ஊனிக் கரணம் போட்ட மிஷனரி, கல்கத்தாவுல குதிரை வண்டி வச்சிருக்கிற சமூகத்துல ஒரு பெரிய மனுஷர் ஆயிட்டார்.

அவர் பணத்தைப் பூட்டி வச்சாரா? இல்லை. அதான் இந்தக் கதையோட சிக்கல். 1767-ல் ஒரு சர்ச் கட்டத் தொடங்கி 1770 டிசம்பர்ல திறந்தார். செலவு 60,000 ரூபாய்க்கு மேல, பெரும்பகுதி அவர் கைப்பணம். பேர் 'பேத் தெபில்லா', எபிரேயத்துல ஜெபவீடு. ஊர்க்காரங்க வச்ச பேர் 'லால் கிர்ஜா', சிவப்பு கோயில். இன்னைக்கும் 'ஓல்டு மிஷன் சர்ச்'னு நிக்குது. ரெண்டாவது மனைவி 1773-ல் இறக்கும்போது தன் நகைகளை விட்டுட்டுப் போனாங்க, அதை வித்துப் பள்ளிக்கூடம் கட்டினாங்க. இவ்வளவு கொடுத்த ஆளைப் பேராசைக்காரர்னு சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனா பேரும் புகழும் வந்தா எதிரியும் வருவான். இந்தியாவோட முதல் செய்தித்தாளை 1780-ல் நடத்தின ஹிக்கி, கீர்னாண்டரைப் போட்டுத் தாக்கினார். மிஷன் அச்சகத்தோட எழுத்துகளைப் போட்டிப் பத்திரிகைக்குக் கொடுத்துட்டார்னு ஆரம்பிச்ச சண்டை. கீர்னாண்டர் அவதூறு வழக்குப் போட்டார். 1781-ல் ஹிக்கி தண்டனை வாங்கினார். ஒரு போதகர் தன் மானத்துக்காகப் பத்திரிகைக்காரனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறார். சரியா தப்பான்னு நான் தீர்ப்பு சொல்லலை. ஆனா காப்பாத்திக்கறதுக்கு நிறைய சேர்ந்துடுச்சுங்கிறது தெரியுது, இல்லையா? கடலூர்ல எதை இழந்தாலும் மறுநாள் பள்ளிக்கூடம் திறந்த ஆளுக்கு, இப்போ காப்பாத்த ஒரு பேர் இருக்கு.

பிறகு மகன். ராபர்ட். கல்கத்தா வளர்ற ஊர், மகன் கட்டட வியாபாரத்துல இறங்கினார். அந்தக் காலத்து ரியல் எஸ்டேட். அப்பா மகனுக்காகக் கடன் பத்திரங்கள்ல கையெழுத்துப் போட்டார். வியாபாரம் படுத்தது. 1787-ல் கீர்னாண்டர் திவால். அவர் கைப்பணத்துல கட்டின சர்ச்சையே கடன்காரங்களுக்காக ஜப்தி பண்ணிட்டாங்க. சார்லஸ் கிராண்ட்ங்கிற கம்பெனி அதிகாரி 10,000 ரூபாய் கொடுத்து அதை மீட்டார். வயசு எழுபத்தைஞ்சைத் தாண்டின கீர்னாண்டர், கண் பார்வையும் மங்கின நிலையில, டச்சுக்காரங்க கையில இருந்த சின்சுராவுக்குப் போய் அங்க போதகரா வேலை பார்த்தார். 1795-ல் ஆங்கிலேயர் அந்த ஊரையும் பிடிச்சப்போ அவர் கணக்குல போர்க்கைதி. 1799-ல், கிட்டத்தட்ட 88 வயசுல, வறுமையில இறந்தார்.

பத்து யூசருக்கு நல்லா ஓடின கோடு பத்து லட்சம் யூசர் வரும்போதுதான் எங்க ஓட்டைன்னு காட்டும். நிறைவுங்கிறது அந்த மாதிரி லோட் டெஸ்ட். கையில ஒண்ணும் இல்லாதவனுக்குக் "கொஞ்சம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பா"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நம்ம வீடுகள்ல இது எவ்வளவு நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். மச்சானுக்கு ஜாமீன், தம்பி பிசினஸுக்குப் பர்சனல் லோன், அக்கா கல்யாணத்துக்குக் கிரெடிட் கார்டு. பாசத்துல போடற கையெழுத்துதான். அதோட ஓரத்துல "நம்மகிட்டதான் இருக்கே"ங்கிற ஒரு சின்னப் பெருமையும் உட்கார்ந்திருக்கும்.

இவர் ஒருத்தருக்கு மட்டும் நடந்ததுன்னா தற்செயல்னு விட்டுடலாம். பப்ரீசியஸ்னு ஒரு ஜெர்மன்காரர். அவரும் 1711-ல் பிறந்தவர், அவரும் 1740-ல் இங்க வந்தவர். சென்னை வேப்பேரியில இருந்து தமிழ் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார், 1772-ல் அச்சாச்சு. 1779-ல் ஒரு தமிழ்–ஆங்கில அகராதி. லுத்தரன் சபைகள்ல அவர் தமிழாக்கின பாட்டுகளை இன்னும் பாடுறாங்க. அப்படிப்பட்டவர் தன்கிட்ட நம்பிக் கொடுத்த பணத்தை வட்டிக்கு விட்டு, அது திரும்ப வராம, முதிய வயசுல கடனுக்காகச் சிறைக்குப் போனார். தனக்காகச் சேர்த்த பணமில்லை. நல்லது செய்யலாம்னு நினைச்சுத்தான். எனக்கு இதுல பயமா இருக்கிறது இதுதான்: ரெண்டு பேருமே கெட்டவங்க இல்லை.

மூணாவதா ஒருத்தர். 1750 ஜூலையில கப்பல்ல வந்து, கீர்னாண்டர் ஊழியம் செஞ்சுக்கிட்டிருந்த அதே கடலூர்ல இறங்கினார் ஒரு இளைஞர். கிறிஸ்டியன் பிரெட்ரிக் சுவார்ட்ஸ். அவர் அங்கிருந்து தரங்கம்பாடி, பிறகு திருச்சி, தஞ்சாவூர் போனார். திருச்சியில அவரைப் பார்த்தவங்க எழுதி வச்சிருக்காங்க: பழைய கட்டடத்துல கட்டில் போட்டா நிறைஞ்சுடற ஒரு அறை, சோறு, காய்கறி, கருப்புச் சாயம் தோய்ச்ச பருத்தி உடுப்பு, மாசம் பத்து வராகன். 1779-ல் சென்னை அரசாங்கம் அவரை ஹைதர் அலிகிட்ட தூது அனுப்புச்சு. ஹைதர் வழிச்செலவுக்குன்னு 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதை அரசாங்கத்துகிட்ட ஒப்படைச்சார். நீங்களே வச்சுக்கோங்கன்னாங்க. தஞ்சாவூர்ல ஏழைப் பிள்ளைங்க படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு முதல் பணமா அதைப் போட்டுட்டார். 1798-ல் தஞ்சாவூர்ல இறந்தப்போ அவர் ஓட்டாண்டி இல்லை, கையில பணம் இருந்தது. அதுல பெரும்பகுதியை மிஷனுக்கே எழுதி வச்சிருந்தார்.

ஆகவே சுவார்ட்ஸ்கிட்டயும் பணம் வந்தது. வந்த பணம் அவர் கட்டிலோட அளவை மாத்தலை. அவருக்குக் குடும்பம் இல்லை, அதனால சுலபம்னு நீங்க சொல்லலாம். நியாயமான வாதம். மகனுக்குக் கையெழுத்துப் போடாத அப்பாவா இருக்கிறது கட்டில் சின்னதா வச்சுக்கறதைவிட எவ்வளவோ கஷ்டம்.

சரி, கத்துக்கறதுன்னா எப்படி? கிறிஸ்தவத்துல இதுக்குத் தியானப் பயிற்சி மாதிரி தனியா ஒரு கோர்ஸ் கிடையாது. சின்னச் சின்னப் பழக்கமா வாழ்க்கைக்குள்ள செருகி வச்சிருக்காங்க. எனக்கு வேலை செய்யற மூணைச் சொல்றேன்.

முதலாவது மன்னா. யாத்திராகமம் 16. எகிப்துல இருந்து வெளியே வந்த ஜனங்களுக்கு வனாந்தரத்துல தினம் காலையில உணவு கிடைக்குது. அன்னைக்கு வேணும்ங்கிறதை மட்டும் எடுக்கணும். நாளைக்குன்னு எடுத்து வச்சவங்க பாத்திரத்துல புழு. டெவலப்பர் பாஷையில, டிடிஎல் 24 மணி நேரம், அதுக்கு மேல கேஷ் செல்லாது. இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்துலயும் கேக்கிறது அன்னன்னைக்கு உண்டான ஆகாரம்தான், அடுத்த காலாண்டுக்கு உண்டானது இல்லை. சேமிக்காதேன்னு இதுக்கு அர்த்தமா? அதே கதையில ஓய்வுநாளுக்கு முந்தின நாள் ரெண்டு பங்கு எடுக்கச் சொல்றாங்க, அது கெட்டுப் போகலை. அவசரத்துக்கு ஆறு மாசச் செலவு எடுத்து வைக்கிறது ரெண்டு பங்கு. அதுக்கு மேல தினம் ராத்திரி மியூச்சுவல் ஃபண்டு ஆப்பைத் திறந்து பார்க்கிறது புழு. நான் அப்படித்தான் பிரிச்சுக்கிறேன்.

ரெண்டாவது கொடுக்கிறது. நம்ம பக்கத்துச் சபைகள்ல அறுப்பின் பண்டிகை பார்த்திருக்கீங்களா? ஆளாளுக்கு வீட்டுல விளைஞ்சதைக் கொண்டுவருவாங்க. பூசணி, வாழைத்தார், முந்திரி, உயிரோட ஒரு சேவல். ஆராதனை முடிஞ்சதும் ஏலம். கடையில அம்பது ரூபா பூசணி ஐந்நூறுக்குப் போகும். வாங்கினவர் அதைத் திரும்ப சபைக்கே கொடுப்பார், மறுபடி ஏலம். சின்ன வயசுல இதென்ன கணக்குன்னு எனக்குப் புரியாது. சந்தை விலையைக் கிண்டல் பண்ற ஒரே இடம் அதுதான்னு இப்போ தோணுது. பணம் கையை விட்டுப் போறப்போ எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. வருஷத்துல வேற எந்த நாளும் அப்படி நடக்காது.

மூணாவது ஓய்வுநாள். இதைப் பத்தி அதிகம் பேச வேணாம். ஆன்-கால் இல்லாத ஞாயித்துக்கிழமை லேப்டாப் பையில இருக்கணும். நான் ஒரு நாள் வேலை பார்க்கலைன்னா உலகம் நிக்காதுன்னு உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கிறது, அவ்வளவே.

இதுக்கு நேர் எதிரா ஒரு கிறிஸ்தவமும் ஓடிக்கிட்டிருக்கு, அதையும் சொல்லணும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அதுல தப்பில்லை. ஆனா இந்த வருஷம் வீடு, அடுத்த வருஷம் கார், அதுக்கடுத்த வருஷம் கனடா விசான்னு பட்டியல் போட்டு, கிடைச்சவங்க மேடையேறிச் சாட்சி சொல்ல, கிடைக்காதவங்க பின்வரிசையில விசுவாசம் குறைஞ்சவங்களா உட்கார்ந்திருக்கிற கூட்டங்களும் இருக்கு. அது லிங்க்ட்இன்தான், நடுவுல பாட்டு மட்டும் உண்டு. பவுலோட ரெண்டாவது பேப்பரை அங்க யாரும் எழுதறதில்லை. நிறைவை அங்க பரிசா கொடுக்கிறாங்க, பரீட்சையா யாரும் சொல்றதில்லை.

இப்போ அந்தப் பொண்ணோட கேள்விக்கு வர்றேன். இதுல ஒரு ஆபத்து இருக்கு, அதை அவங்க சரியா மோப்பம் பிடிச்சுட்டாங்க. "திருப்தியா இரு"ங்கிறதை யார், யாருக்குச் சொல்றாங்கன்னு பார்க்கணும். 2011 டிசம்பர்ல தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டப்போ நான் ஸ்கூல் பையன். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சு கிடந்தது. ஒரு பலா காய்ப்புக்கு வர வருஷக்கணக்கு ஆகும். தோப்பு போனவங்ககிட்டப் போய் மனரம்மியம் பேசினா அடிப்பாங்க, அடிக்கணும். அவங்களுக்கு அன்னைக்குத் தேவை தார்ப்பாய், அரிசி, கன்று. மறந்துடாதீங்க, பிலிப்பியர் கடிதமே உதவி வந்து சேர்ந்ததுக்கான ரசீது. பவுல் "நான்" கத்துக்கிட்டேன்னு தன்னைப் பத்திச் சொல்றார். சாப்பாடு அனுப்ப வேண்டியவங்க அதை அனுப்பாம, பசிச்சவனுக்கு அந்த வசனத்தை மட்டும் அனுப்பினா அது வேற வேலை.

இந்த மாவட்டத்துலயே அதுக்கு ஒரு சாட்சி உண்டு. கார்ல் ஒக்ஸ்னு ஒரு மிஷனரி லைப்சிக் மிஷன்ல இருந்தார். சபைக்குள்ள சாதி வேறுபாட்டை அந்த மிஷன் பொறுத்துக்கிட்டுப் போனது. இருக்கிற மாதிரியே இருக்கட்டும், மெல்ல மாறும்ங்கிற நிலை. ஒக்ஸ் ஒத்துக்கலை. வெளியே வந்து, 1860-களின் தொடக்கத்துல, கடலூர்–பண்ருட்டி வழியில இருக்கிற மேல்பட்டாம்பாக்கத்துல புதுசா தொடங்கினார். டென்மார்க் மிஷன் சங்கம் அவரோட சேர்ந்தது. கடலூரைத் தலைமையிடமா வச்சிருக்கிற ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேர்ல இருந்து வந்தது. அதுக்குப் பிறகு சபைகள்ல சாதி ஒழிஞ்சுடுச்சான்னு கேட்டா, கல்லறைத் தோட்டங்களையும் கல்யாண விளம்பரங்களையும் பார்த்துக்கோங்க. ஆனா தன் சம்பளத்துல போதும்ங்கிற மனசும், அடுத்தவனுக்கு நடக்கிற அநியாயத்துல போதாதுங்கிற மனசும் ஒரே ஆள்கிட்ட இருக்க முடியும்.

அதனால, தங்கச்சி, அப்ரைசலைக் கேளுங்க. நீங்க செஞ்ச வேலையைத் தேதியோட எழுதி, உங்க கூட வேலை பார்க்கிற பையனுக்கு என்ன கொடுக்கிறாங்களோ அதைக் கேளுங்க. கேட்டு வரலைன்னா அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்குதாங்கிறதுதான் மனரம்மியம் சம்பந்தப்பட்ட கேள்வி. வந்துடுச்சுன்னா அதைவிடப் பெரிய கேள்வி: அடுத்த நாளே இன்னும் பெரிய வீட்டுக்கு ஈஎம்ஐ கால்குலேட்டரைத் திறப்பீங்களா?

இதை நானா சொல்லலை. மனரம்மியம் பத்தி எழுதின அதே பவுல், அதே பிலிப்பி ஊர்ல என்ன செஞ்சார்னு அப்போஸ்தலர் 16-ல் இருக்கு. விசாரணை இல்லாம அடிச்சு ஜெயில்ல போட்டாங்க. ராத்திரி பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தார். காலையில அதிகாரிங்க "சத்தமில்லாமப் போயிடச் சொல்லு"ன்னு ஆள் அனுப்பினாங்க. அவர் போகலை. நான் ரோமக் குடிமகன், விசாரிக்காம வெளிப்படையா அடிச்சாங்க, இப்போ ரகசியமா அனுப்புறாங்களா, அவங்களே வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்னு உட்கார்ந்துட்டார். வந்தாங்க. மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

அடுத்த எபிசோட் ஆரோன் பத்தி. கடலூர் ஆறுமுகம் எப்படி ஆரோன் ஆனார்னு. உங்க ஊர்ச் சர்ச்சுல பழைய கல்வெட்டோ பதிவேடோ இருந்தா, படம் எடுக்க அனுமதி கேட்டுட்டு எனக்கு அனுப்புங்க.